கொம்பையா ஆட்டிப் பார்த்த மரம்

வாய்க்கால் கரையில் இருந்த முப்பிடாதியின் தோட்டத்தில் நின்ற மரங்கள் எல்லாம் ஒரு காலத்தில் யாரோ வேண்டாம் என்று கைவிட்டவை. ரோடு போட வந்தவன் புரட்டித் தள்ளிய புளி. வீடு கட்ட வந்தவன் கழித்துப் போட்ட வேம்பு. குளம் தூர்வாரியபோது சேற்றோடு சேர்த்து அள்ளப்பட்ட மருது. அவற்றை வேரோடு கொண்டுவந்து பிழைக்க வைப்பாள். பிறகு அகலத் தட்டில் நிறுத்தி, கிழட்டு மரத்தின் தோரணை குறையாமல் முழங்கால் உயரத்திலேயே வளர்ப்பாள். பட்டணத்துக்காரர்கள் போன்சாய் என்றார்கள். அவள் தொட்டிமரம் என்றாள்.

பேச்சு குறைவு அவளுக்கு. படிக்க வந்தவர்களிடம் முதலில் தண்ணீர் வாளியைக் கொடுப்பாள். பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள். போகாதவர்களில் ஒருவர் கொம்பையா.

அவருக்கு அவள் அப்பா வயது. மாட்டுத் தரகர். சந்தையில் துண்டைப் போட்டு, அதற்குள் கைவிட்டு, விரலைப் பிடித்தே விலை பேசி முடிக்கிற வித்தையில் அவரை அடிக்க அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. கோபம் வந்தால் அந்தத் துண்டை ஒரு உதறு உதறுவார். பத்தடிக்கு ஆள் விலகும்.

அவர் எதையும் வாய்ப்பேச்சில் நம்பியது இல்லை. இளவயதில் ஒருவன் கிழட்டு மாட்டின் கொம்பைச் சீவிச் சாயம் பூசி அவர் தலையில் கட்டிவிட்டான். அன்றிலிருந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பார், வாலை முறுக்கிப் பார்ப்பார், கொம்பை ஆட்டிப் பார்ப்பார். கை வைத்துப் பார்க்காமல் ஒரு கன்றுக்குட்டியைக்கூட அவர் வாங்கியதில்லை.

சுடலை என்பவருடைய எருமையைப் பார்க்கப் போன இடத்தில்தான் அந்த மரத்தைப் பார்த்தார். ஊருக்கு வெளியே சுடலைக்கு ஒரு உளை நிலம் இருந்தது. வருஷம் முழுக்கச் சேறும் தண்ணீருமாகக் கிடக்கும். கால் வைத்தால் தொடை வரை இழுக்கும். எருமை அங்கே ஒரு கட்டையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது. கட்டை இல்லை, நீர்க்கடம்பு. அடிமரம் சோற்றுப்பானைப் பருமன். உயரம் முழங்காலுக்குக் கொஞ்சம் மேல். கோடைக்குக் கோடை எருமைகள் கடித்த கடியும் மிதித்த மிதியும் முடிச்சு முடிச்சாகத் தடித்து நின்றன. உச்சியில் நாலு கிளை. நாலிலும் சிவப்புப் பூச்சரங்கள் தண்ணீரைத் தொட்டுத் தொங்கின.

தன் தாத்தா காலத்திலும் அது அந்த உயரம்தான் என்றார் சுடலை. கொஞ்சம் தள்ளி, அதைவிடச் சிறியதாக இன்னொன்றும் நின்றது.

கொம்பையா எருமையை மறந்துவிட்டார்.

“இத்தனை கடி கடிபட்டும் பூக்குதே வே” என்றார். அவர் வாயிலிருந்து ஒரு பொருளைப் பற்றி நல்ல வார்த்தை வந்து சுடலை அதற்குமுன் கேட்டதில்லை. பொருளைப் புகழ்ந்தால் விலை ஏறிவிடும் என்பது தரகருக்குத் தெரியாதா.

விற்பதற்காக இல்லாமல் அவர் ஆசைப்பட்ட முதல் பொருள் அது. சிறிய மரத்தைத் தானே தோண்டினார். செம்மண், எரு, தண்ணீர் வடிய அடியில் ஓட்டை என்று பார்த்துப் பார்த்துத் தொட்டியில் வைத்தார். துளிர்த்தது. வாடியது. ஒருநாள் அடிமரத்தைப் பிடித்தார், சோற்றில் குத்தின அகப்பை மாதிரி கையோடு வந்துவிட்டது.

மறுநாள் முப்பிடாதியின் தோட்டத்து வாசலில் வந்து நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். மண் போட்டது, எரு வைத்தது, ஓட்டை போட்டது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். தினமும் ஆட்டிப் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை. மறைக்கவில்லை. அது சொல்லவேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அவள் வாளியைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்.

கோடை வருமுன் சுடலை ஆள் அனுப்பினார். மகன் அந்த நிலத்தில் கல்யாண மண்டபம் கட்டப்போகிறானாம். லாரி லாரியாக மண் கொண்டுவந்து உளையை மூடப்போகிறார்கள். பெரிய மரம் வேண்டுமென்றால் அதற்குள் எடுத்துக்கொள்ளட்டும். அந்தச் சுற்று வட்டாரத்தில் உளை என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். கடம்பு என்று மிச்சம் இருந்ததும் அது ஒன்றுதான்.

கொம்பையா கடப்பாரையும் நாலு ஆளும் ஏற்பாடு செய்தார். முப்பிடாதி ஆட்களைக் கரையிலேயே நிற்கச் சொல்லிவிட்டாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இடுப்பளவு சேற்றில் இறங்கி, மரத்துக்கு எதிரே சும்மா நின்றாள். ஒரு காகம் வந்து மரத்தில் உட்கார்ந்து, அவளைப் பார்த்துவிட்டுப் பறக்காமலே இருந்தது.

பிறகு அடிமரத்தில் ஓரிடத்தில் விரல் வைத்தாள். அதற்குக் கீழே பட்டை கறுப்பு, மேலே சாம்பல். நகத்தால் கீறி அடையாளம் செய்தாள்.

“இதுவரைக்கும் தண்ணியில நின்னு பழகியிருக்கு” என்றாள்.

கடப்பாரையைத் தொடவே இல்லை. கையை மண்ணுக்குள் விட்டு, வேர் வேராகத் தடவிப் போனாள். பெருவேர்களை மட்டும் ரம்பத்தால் நிதானமாக அறுத்தாள். மயிர் மாதிரி வேர்கள் இருந்த இடத்தில் சேற்றைக் கழுவாமல் அப்படியே ஈரச்சாக்கால் சுற்றினாள். பிரசவம் பார்க்கிறவள் கை மாதிரி இருந்தது அந்தக் கை. இழுக்கவில்லை, அவசரப்படவில்லை. வருவது வரட்டும் என்று ஏந்திக்கொண்டது. எத்தனையோ தேர்ந்த கைகளைப் பிடித்து விலை பேசியவர் கொம்பையா. அந்தக் கையைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை தாயி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அன்றைக்குத்தான் ஆசானே என்று ஆரம்பித்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

மரம் கரை ஏறியதும் தகராறு வந்தது. உச்சியில் இருந்த நாலு கிளையையும் வெட்ட வேண்டும் என்றாள். அவர் ஒப்பவில்லை. அந்தப் பூவைப் பார்த்துத்தானே ஆசைப்பட்டார். நாலில் இரண்டு கிளையாவது இருக்கட்டும் என்றார். சரி, ஒன்று. ஒன்றில் பாதி. குரல் ஏறிக்கொண்டே போயிற்று. கரையில் நின்ற ஆட்கள் விலகி நின்றார்கள்.

“துண்டைப் போடுங்க அண்ணாச்சி” என்று முப்பிடாதி கையை நீட்டினாள்.

அவர் கொஞ்சம் திகைத்தார். ஆனால் துண்டைப் போடச் சொன்ன யாரிடமும் அவர் பின்வாங்கியதில்லை. இரண்டு கை மேலும் துண்டு விழுந்தது. உள்ளே அவர் விரலால் தன் விலையைச் சொன்னார். அவள் அந்த விரலைப் பிடித்து மடக்கினாள். அடுத்ததை நீட்டினார். அதையும் மடக்கினாள். ஒவ்வொன்றாக எல்லா விரலையும் மடக்கி, மூடிய கையைத் தன் சேற்றுக் கையால் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டாள். சந்தையில் அவர் கையை யாரும் அப்படி மூடியதில்லை.

“எல்லாம் போனா என்ன மிச்சம் இருக்கும் ஆசானே?”

அறுத்துப்போட்ட பெருவேர்கள் கரையில் குவியலாகக் கிடந்தன. அவள் அதைக் காட்டினாள்.

“ஊட்டுற கையை வெட்டியாச்சு. வாயை மட்டும் வச்சுக்கிட்டு என்ன செய்ய?”

துண்டை எடுத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு, ரம்பத்தை அவரே வாங்கினார். பூச்சரங்கள் சேற்றில் விழுந்தன.

உளையின் சேற்றையும் உளையின் தண்ணீரையும் அவள் குடம் குடமாக அள்ளி வண்டியில் ஏற்றினாள். தோட்டத்தில் ஒரு சாண் உயரத்துக்கு அறுத்த நீல டிரம் தயாராக இருந்தது. அடியில் ஓட்டை இல்லை. அவர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். அவள் கண்டுகொள்ளவில்லை. மரத்தை வைத்து, நகக்கீறல் வரைக்கும் தண்ணீர் நிற்கும்படி ஊற்றினாள். வெட்டுவாயில் மெழுகு தடவினாள். காற்றுக்கு ஆடாமல் இருக்க அடிமரத்தை டிரம்மோடு சேர்த்துத் தென்னங்கயிற்றால் கட்டி முடிச்சுப் போட்டாள்.

“பிழைக்குமா ஆசானே?”

“இந்தக் கீறலுக்குக் கீழ தண்ணி இறங்கக்கூடாது” என்றாள்.

“அது சரி. பிழைக்குமான்னு கேட்டேன்.”

“வாளி அங்க இருக்கு.”

மொட்டைக் கட்டையில் கொஞ்ச நாளில் அரும்பு கிளம்பியது. செம்புநிறத் துளிர், அடிமரத்தைச் சுற்றிலும் வெடித்துக்கொண்டு வந்தது. கொம்பையா கருப்பட்டி மிட்டாய் வாங்கி வந்து தோட்டத்தில் இருந்த எல்லாருக்கும் கொடுத்தார். வாய்க்காலில் குளிக்க வந்தவர்களைக்கூடக் கூப்பிட்டுக் கொடுத்தார். பிழைத்துவிட்டது என்று முப்பிடாதியிடமும் பொட்டலத்தை நீட்டினார்.

அவள் ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“அது பழைய சோறு அண்ணாச்சி. அடிமரத்துல சேத்து வச்சிருந்ததைத் தின்னு துளிருது. கீழ வேரு இன்னும் உலை வைக்கலை.”

“எப்ப வைக்கும்?”

“இன்னொரு மிட்டாய் குடுங்க” என்றாள்.

அவருக்குச் சுரீர் என்றது. பதில் தெரிந்துகொண்டே இழுத்தடிக்கிறாள் என்று நினைத்தார். விலையை வாயில் சொல்லாமல் துண்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு விளையாடுகிற ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்றும் தெரியும். சரக்கையே நேராகக் கேட்டுவிட வேண்டும்.

காலையில் தண்ணீர் ஊற்ற வருவார். அவள் வாய்க்கால் பக்கம் போயிருப்பாள். கயிற்றை அவிழ்ப்பார். அடிமரத்தை இரண்டு கையாலும் பிடித்து, கொம்பைப் பிடித்து ஆட்டுவது போல் லேசாக, லேசாகத்தான், ஒரு ஆட்டு ஆட்டுவார். வேர் பிடித்திருந்தால் டிரம்மும் சேர்ந்து அசைய வேண்டும். மரம் மட்டும் அசையும். சரி, இன்னும் பிடிக்கவில்லை என்று திரும்பக் கட்டிவிட்டு, கீறல் வரை தண்ணீர் ஊற்றுவார். மறுநாள் காலையிலும் அதேதான்.

துளிர் வாடியது. முதலில் நுனி கருகியது. பிறகு இலை சுருண்டு சுருண்டு தண்ணீரில் விழுந்தது.

கொம்பையா வாளியை எறிந்தார். அது போய் வேலியில் மோதியது. ஓட்டையில்லாத டிரம்மில் போட்டு மரத்தை அழுகவைத்துவிட்டாள் என்றார். கிளையை எல்லாம் வெட்டச் சொல்லி அப்போதே பாதி உயிரை எடுத்துவிட்டாள் என்றார். பிழைக்குமா பிழைக்காதா என்று ஒரு கேள்விக்கு இன்றுவரை நேராகப் பதில் சொல்லாதவள் என்ன ஆசான் என்றார். துண்டு உதறிய சத்தம் வாய்க்காலின் அந்தக் கரைவரை கேட்டது.

முப்பிடாதி டிரம்மின் பக்கத்தில் வந்து குத்தவைத்தாள். துளிரைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்தாள். அவள் போட்ட முடிச்சு அங்கே இல்லை. சந்தையில் மாட்டை முளையில் கட்டுகிற கட்டு இருந்தது. ஒரு இழுப்பில் அவிழ்கிற கட்டு.

 பிறகு எழுந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார், அதுவும் கோபமாக. சோறும் சுண்டக்குழம்பும் போட்டாள். கோபத்தோடேயே வயிறு நிறையச் சாப்பிட்டார். மத்தியான வெயிலுக்குத் தென்னங்கீற்றுக் கொட்டகையில் துண்டை விரித்துப் படுத்தார்.

கண் சொருகும் நேரத்தில் யாரோ தோளைப் பிடித்து ஆட்டினார்கள். முப்பிடாதி.

“அண்ணாச்சி, தூங்கிட்டீங்களா?”

“இல்லை. இப்பத்தான்.”

சரி என்று போய்விட்டாள். அவர் புரண்டு படுத்தார். மறுபடி கண் சொருகியது. மறுபடி தோளை ஆட்டினாள். லேசாகத்தான்.

“தூங்கிட்டீங்களா?”

“தூங்கப் போறேன் தாயி.”

போனாள். இந்தத் தடவை குறட்டையே வர ஆரம்பித்தது. அப்போதும் வந்து ஆட்டினாள். கொம்பையா துள்ளி எழுந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

“தூங்க விட்டால்ல தூங்குறதுக்கு? நிமிசத்துக்கு நிமிசம் வந்து ஆட்டி ஆட்டிப் பார்த்தா எவனுக்கு…”

அதோடு நின்றது.

முப்பிடாதி வேலியோரம் கிடந்த வாளியை எடுத்து, நெளிந்த இடத்தைக் கல்லால் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அவர் தன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். முதல் மரம் கையோடு வந்த நாள் நினைவுக்கு வந்தது. எழுந்து டிரம்மிடம் போனார். தன் கட்டை அவிழ்த்தார். அவளுடைய முடிச்சைப் போடத் தெரியவில்லை. கயிறும் கையுமாக நின்றார். அவள் வந்து கட்டிவிட்டுப் போனாள். 

கடம்பு மறுபடி மொட்டைக் கட்டை ஆயிற்று. அவர் கீறல் வரை தண்ணீர் ஊற்றினார். வெயில் ஏறினால் ஓலைத் தட்டி வைத்து மறைத்தார். மிச்ச நேரத்துக்கு மற்ற மரங்களிடம் போனார். கிளையை வளைக்கக் கம்பி சுற்றக் கற்றுக்கொண்டார், களை எடுத்தார், புதிதாக வந்த பையன்களுக்கு வாளி எடுத்துக் கொடுத்தார்.

ஒருநாள் சுடலை தோட்டத்துக்கு வந்தார். உளையை மூடி மட்டம் பண்ணியாகிவிட்டது, இப்போது அங்கே ஒரு கோரைப்புல்கூடக் கிடையாது என்றார். பிறகு டிரம்மைப் பார்த்தார்.

“என்ன கொம்பையா, கட்டைக்குத் தண்ணி ஊத்துதீராம்? சந்தையில எல்லாரும் சொல்லிச் சிரிக்காங்க.”

கொம்பையாவின் கை துண்டுக்குப் போயிற்று. தோட்டத்தில் இருந்தவர்கள் உதறலை எதிர்பார்த்தார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஆமா வே. ஊத்துதேன்.”

“வேர் இருக்கா இல்லையான்னு ஒரு ஆட்டு ஆட்டிப் பாத்தாத் தெரிஞ்சிரும்லா” என்று சுடலை குனிந்தார்.

கொம்பையா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். மாட்டை அடக்கிய பிடி. சுடலை நிமிர்ந்து பார்த்தார்.

“கையை எடும்.”

 பிறகு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பினார். முப்பிடாதி புளியமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாப்பாட்டில் அவருக்கு ஒரு அப்பளம் கூடுதலாக விழுந்தது.

வெயில் தணிந்து சாரல்காற்று வந்த பிறகு கட்டையில் ஒரு இடத்தில் பட்டை வெடித்தது. ஒரே ஒரு அரும்பு. கொம்பையா பார்த்தார். மிட்டாய் வாங்கப் போகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. இலை விரிந்தது. பழைய சோறாகவும் இருக்கலாம், புது உலையாகவும் இருக்கலாம். அவர் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டார். எப்போதிருந்து அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பது அவருக்கே தெரியாது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்து, பிறகு விடாமல் பெய்தது. விடிகிற நேரம் வாய்க்கால் கரை உடைந்து தோட்டத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. முப்பிடாதியும் கொம்பையாவும் தட்டுத் தட்டாகத் தூக்கி மேட்டில் வைத்தார்கள். புளி போயிற்று மேட்டுக்கு. வேம்பு போயிற்று. மருதைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது நீல டிரம் இடம் மாறியிருப்பதை அவர் பார்த்தார். மெதுவாகச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் திரும்ப வாய்க்காலுக்கே பாய்கிற கீழ்க்கோடி உடைப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

மருதை மேட்டில் வைத்துவிட்டு ஓடினார். முழங்கால் தண்ணீர் தொடைக்கு ஏறியது. டிரம் உடைப்பின் வாய்க்குப் போய்ச் சரிந்தது. எட்டிப் பிடிக்க அடிமரம்தான் கிடைத்தது. அந்த மத்தியானத்துக்குப் பிறகு அவர் அதைத் தொடுவது அதுதான் முதல் தடவை. கயிறு என்றைக்கோ இற்றுப்போய்விட்டிருந்தது. தண்ணீர் டிரம்மை அந்தப் பக்கம் இழுத்தது. அவர் மரத்தை இந்தப் பக்கம் இழுத்தார்.

ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு பிரிந்தது.

அந்தப் பிரிவு அவர் கைக்கு ஏற்கெனவே தெரியும். கண்ணை மூடிக்கொண்டார். காலியான டிரம் உருண்டு வாய்க்காலில் போய் விழுகிற சத்தம் கேட்டது.

ஆனால் கை லேசாகவில்லை. பாரம் மார்பில் வந்து சாய்ந்தது. கண்ணைத் திறந்தார். டிரம் போய்விட்டது, டிரம்மின் வடிவம் அவரிடம் இருந்தது. வட்டமாக, ஒரு சாண் கனத்துக்கு, உளையின் கறுப்புச் சேறு அப்படியே நின்றது. ஒரு கட்டி உதிரவில்லை. சுற்றிலும் அடியிலும் வெள்ளை வேர், பழுப்பு வேர், நூல் வேர் ஒன்றோடொன்று பின்னிப் பாய் முடைந்த மாதிரி மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. சுடலையின் நிலம் எல்லாம் மண்டபத்துக்கு அடியில் போன பிறகு, அந்த உளையில் மிஞ்சியது அவ்வளவுதான்.

தண்ணீர் பாதிப் பாரத்தைத் தாங்கியது. மீதியை அவர் தாங்கினார். கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை முகத்தில் வழிந்தது.

முப்பிடாதி வேறொரு தொட்டியைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தாள். கொம்பையாவுக்கு மூச்சு வாங்கியது. அவளுக்குத் தெரியட்டும் என்று மரத்தை மார்போடு இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். சந்தையில் நல்ல ஜோடிக் காளையைக் கண்ட அன்றுகூட அந்தக் குரல் வந்ததில்லை.

“ஆசானே, பாத்தீங்களா? பிடிச்சிட்டுது. இனி எவன் ஆட்டினாலும்…”

அவள் தொட்டியை அவர் கைக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“பைய, அண்ணாச்சி” என்றாள். “தூங்குது.”